முதியவர் கையில் விளக்கு

சில நாள் விடுப்பில் பாட்டியின் இல்லத்திற்கு வந்திருந்தாள் ஒரு பேத்தி. பெங்களூரில் பணிபுரிபவள். தாத்தா மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. கூடமும் ஊஞ்சலும் பூஜை அறையும் கொண்ட அந்தப் பெரிய வீட்டில் இப்போது பாட்டி ஒருவரே வசிக்கிறார். அந்தி விளக்கை ஏற்றிவிட்டுக் கூடத்திற்கு வந்தவரிடம் பேத்தி தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பனி மூடிய மலை உச்சியில் வெண்தாடிப் பெரியவர் ஒருவர் தனியே நிற்கிறார். கையில் ஒரு விளக்கு.

பாட்டி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "பாவம், இந்த வயசுல இந்தப் பெரியவரை யாரும்மா மலைமேல தனியா விட்டாங்க?"

பேத்தி சிரிக்கவில்லை. அலுவலகத் தோழி ஒருத்தி சீட்டெடுத்துப் பலன் பார்ப்பவளாம். பேத்திக்காக எடுத்தபோது வந்த சீட்டு இதுவாம். இதன் பொருள் தனிமை என்று அவள் சொல்லிவிட்டாளாம். "அப்போ எனக்குக் கல்யாணமே ஆகாதா பாட்டி?" என்று கேட்டாள் பேத்தி. பாட்டிக்கு உடனே விடை சொல்ல வாய் வரவில்லை. தனிமை என்ற அந்தச் சொல்லை அவர் நான்கு ஆண்டுகளாகத் தினமும் அனுபவித்து வருகிறார்.

டாரட் என்று வழங்கும் இந்தச் சீட்டுகள் இன்று பல இல்லங்களுக்குள் கைப்பேசி வழியே வந்துவிட்டன. பெரியோர் சிலர் இவற்றைக் கண்டு அஞ்சுகின்றனர். சிலர் பிள்ளைகளின் விளையாட்டு என்று முகம் திருப்பிக்கொள்கின்றனர். ஆயினும் ஒரு படம் வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுக்குமானால், அதில் என்ன வரைந்திருக்கிறது, யார் வரைந்தார்கள், எதற்காக வரைந்தார்கள் என்று பொறுமையாகப் பார்ப்பது வீட்டிலுள்ள மூத்தவரின் கடமையாகிறது.

திருமேனியைப் பார்ப்பது போல

உருவத்தைப் படித்தறிவது கோயிலுக்குச் செல்லும் அன்பர்களுக்குப் புதிதன்று. கருவறை முன் நின்றதும் கண் தானாகவே கைகளைத் தேடுகிறது. அபயம் காட்டும் கை எது, ஆயுதம் ஏந்திய கை எது, திருவடி எங்கே பதிந்துள்ளது, பார்வை எங்கே செல்கிறது என்று ஒவ்வொன்றாகக் காண்கிறோம். ஆடவல்லானின் மேல் வலக்கையில் உடுக்கை, மேல் இடக்கையில் தீ, முன் வலக்கையில் அபயம். முன் இடக்கை தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது. இவற்றைத் தெரிந்துகொண்டவர்க்குச் செப்புத் திருமேனி பேசத் தொடங்கிவிடுகிறது. அதே முறையில், தெய்வ வடிவம் அல்லாத இந்தச் சீட்டையும் முதலில் கண்ணால் படிக்கலாம்.

சீட்டின் மேல் விளிம்பில் ரோமானிய எழுத்தில் ஒன்பது என்ற எண். கீழே 'துறவி' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர். பெரியவர் சாம்பல் நிற நீண்ட அங்கியும் முக்காடும் அணிந்திருக்கிறார். தாடி வெளுத்திருக்கிறது. இடக்கையில் தம் உயரத்திற்கு ஒரு கோல். வலக்கை முன்னே நீண்டு ஒரு லாந்தரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. லாந்தருக்குள் திரியும் சுடரும் இல்லை. ஆறு முனை கொண்ட ஒரு விண்மீன் ஒளிர்கிறது. காலடியில் பனி, தொலைவில் வேறு பனிச்சிகரங்கள். தலை தாழ்ந்திருக்கிறது. பறவை, மரம், வீடு எதுவும் இல்லை.

அந்த விண்மீனைக் கண்டதும் முருக அன்பர்களுக்கு ஷட்கோணம் நினைவுக்கு வரும். வரைந்தவர் அதை எண்ணி வரையவில்லை. மேலை நாட்டு மறைஞானக் குழுக்களில் சாலமோன் அரசனின் முத்திரை என்று போற்றப்படும் அடையாளம் அது. இரண்டு முக்கோணங்கள் பின்னிய அந்த வடிவம் உலகின் பல இடங்களில் உண்டு. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை நினைத்துக்கொள்வதில் தவறில்லை. இரண்டும் ஒன்றென்று கொள்ளாதிருந்தால் போதும்.

பாட்டியின் கேள்விக்கு வருவோம். யாரோ விட்டுச் சென்ற முதியவரின் தோற்றம் இதுவா? விட்டுச் செல்லப்பட்டவர் நடந்து வந்த வழியை ஏக்கத்தோடு திரும்பிப் பார்ப்பார், அல்லது உட்கார்ந்துவிடுவார். இவர் நிமிர்ந்து நிற்கிறார், கை உயர்ந்திருக்கிறது. தம் காலடிக்கு வெளிச்சம் வேண்டியவர் விளக்கைத் தாழ்த்திப் பிடிப்பார். இவரோ முகத்தளவு உயர்த்திப் பிடித்திருக்கிறார். உயரத்தில் பிடித்த விளக்கு தொலைவில் வருபவர்க்குத்தான் பயன்படும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தச் சீட்டின் பழைய கதையைப் பார்க்கலாம்.

விளையாட்டாகப் பிறந்த சீட்டு

டாரட் சீட்டுக்கட்டில் மொத்தம் 78 சீட்டுகள். அவற்றுள் 56 சீட்டுகள் வழக்கமான சீட்டாட்டத்தில் வருவன போன்றவை. எஞ்சிய 22 சீட்டுகள் அரசன், அரசி, தேர், சக்கரம், மரணம், சூரியன், சந்திரன் போன்ற படங்கள் கொண்டவை. இவை 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றின. பிரபுக்களின் மாளிகைகளில் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டத்தில் இந்தப் படச்சீட்டுகள் மற்றச் சீட்டுகளை வெட்டும் துருப்புச் சீட்டுகளாகப் பயன்பட்டன. அக்காலப் போதகர் ஒருவர் இவற்றைச் சூதாட்டக் கருவி என்று கடிந்து பேசிய உரையும் எஞ்சியிருக்கிறது. வருங்காலம் உரைக்கும் வித்தையாக இவை முதலில் பிறக்கவில்லை.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆட்டமாகவே இருந்த இவற்றிற்கு 1781-ஆம் ஆண்டில் ஒரு புதிய பிறப்பு வாய்த்தது. கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சு அறிஞர், இவை பண்டைய எகிப்தியப் பூசாரிகளின் இரகசிய ஞானநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்துகளை அப்போது எவராலும் படிக்க இயலவில்லை. ஷம்போலியன் அவற்றைப் படிக்கும் வழியைக் கண்டு அறிவித்தது 1822-ஆம் ஆண்டில்தான். அதன்பின் படிக்கப்பட்ட எகிப்திய ஏடுகள் எதிலும் இந்தச் சீட்டுகள் இல்லை. ஆனால் அதற்குள் எத்தெய்யா என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் பாரிசில் இச்சீட்டுகளைக் கொண்டு பலன் சொல்லும் முறையை நூலாகவே வெளியிட்டுவிட்டார். பழக்கம் பரவியது, இன்று வரை தொடர்கிறது.

கோயில் வாசலில் கிளி ஜோசியம் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. கூண்டிலிருந்து கிளி வெளியே வந்து ஓர் அட்டையை அலகால் எடுத்துத் தருகிறது. அதில் முருகன் இருந்தாலும் ஆஞ்சநேயர் இருந்தாலும் வணங்கத்தக்க வடிவமே. அந்த அட்டை கிளியின் அலகில் சிக்கியது ஒரு தற்செயல். படத்தின் மதிப்பு வேறு, அது கைக்கு வந்த விதம் வேறு. டாரட் சீட்டுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். கலைத்து எடுத்தபோது இந்தச் சீட்டு வந்தது என்பதிலிருந்து ஒரு பெண்ணின் திருமணத்தைப் பற்றி எதுவும் அறிய இயலாது. ஆனால் படத்திலிருந்து அறியத்தக்கது ஒன்று உண்டு.

முதலில் இருந்தது விளக்கன்று

இன்று கிடைக்கும் டாரட் சீட்டுகளுள் மிகப் பழையவற்றில் ஒரு தொகுதி, மிலான் நகர ஆட்சியாளரான பிரான்செஸ்கோ ஸ்போர்சாவின் குடும்பத்திற்காக 1450-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கையால் தீட்டப்பட்டது. பொன் தகடு பதித்த பின்னணியில், ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில், ஒவ்வொரு சீட்டும் ஒரு சிற்றோவியம். அத்தொகுதியில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும் இத்தாலியின் பெர்கமோ நகரிலும் அவை பிரிந்து கிடக்கின்றன. அச்சீட்டுகளில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

அந்தத் தொகுதியிலும் இந்தப் பெரியவர் இருக்கிறார். நீண்ட வெண்தாடி, தலையில் பெரிய தொப்பி, ஒரு கையில் கோல். மறு கையில் விளக்கு இல்லை. அவர் ஏந்தியிருப்பது மணற்கடிகாரம்.

இரண்டு கண்ணாடிக் குமிழ்கள் நடுவில் ஒடுங்கி இணைந்திருக்க, மேலுள்ள மணல் சிறுகச் சிறுகக் கீழே இறங்கும் கருவி அது. நாழிகை வட்டில் இந்நாட்டில் செய்த பணியை மேலை நாட்டில் செய்தது. மேலே எவ்வளவு மணல் மிச்சம் என்பதை ஒரே பார்வையில் அது காட்டிவிடும். அக்கால இத்தாலியர் இந்தச் சீட்டைத் துறவி என்று அழைக்கவில்லை. கிழவர் என்றும் கூனர் என்றும் காலம் என்றும் அழைத்தனர். முதுகு வளைந்து, கோலூன்றி, இறங்கும் மணலைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலபுருஷன் அவர்.

இந்த வடிவத்திற்குள் சனி கிரகமும் கலந்திருக்கிறது. கிரேக்க மொழியில் காலத்தைக் குறிக்கும் சொல்லும் சனிக்குரிய தெய்வத்தின் பெயரும் ஒலியால் நெருங்கியவை. அதனால் இரண்டையும் மேலை நாட்டார் ஒன்றாகவே எண்ணி, சனியை ஊன்றுகோல் பிடித்த கிழவராக ஓவியத்தில் தீட்டினர். நவக்கிரக சந்நிதியைச் சுற்றி வரும் அன்பர்களுக்கு இது வியப்பாக இராது. இங்கும் சனி பகவானுக்கு மந்தன் என்று பெயர். கால் ஊனமானவர் என்று புராணம் கூறும். கண்ணுக்குப் புலப்படும் கிரகங்களுள் வானத்தை மிக மெதுவாகச் சுற்றுவது சனிதான். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29½ ஆண்டுகள். மெதுவாக நகர்வதைக் கண்ட இரு நாட்டாரும் அதை நடை தளர்ந்தவராகவே உருவகித்தனர்.

மணல் சுடரானது

அந்த மணற்கடிகாரம் எப்படி விளக்காக மாறியது? பொன் சீட்டுகள் அரண்மனைக்கு உரியவை. பொதுமக்களுக்கான சீட்டுகளை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டனர். ஒரு கட்டை தேய்ந்தால், அதன் அச்சைப் பார்த்து மற்றொருவர் புதிய கட்டை செதுக்குவார். சட்டமிட்ட ஒரு மணற்கடிகாரத்தையும் சட்டமிட்ட ஒரு லாந்தரையும் தடித்த கோடுகளில் வரைந்தால் வேறுபாடு மிகக் குறைவு. செதுக்கியவர் ஒருவர் அதை விளக்கென்றே எண்ணியிருக்கலாம் என்பது ஆராய்ந்தவர் பலரின் கருத்து. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் அச்சான சீட்டுகளில் பெரியவர் கையில் லாந்தரே இருக்கிறது. அங்குதான் அவருக்குத் துறவி என்ற பெயரும் நிலைத்தது.

பொருளும் கையோடு மாறியது. விளக்கேந்திய அம்முதியவரை ஜெபலான், உண்மையையும் நீதியையும் தேடி அலையும் ஞானி என்றார். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த தியோஜினிஸ் அவர் நினைவில் இருந்தார். பெரிய மண்சாடி ஒன்றையே வீடாகக் கொண்டவர் தியோஜினிஸ். பட்டப்பகலில் விளக்கேற்றிக்கொண்டு சந்தைக்குள் சென்று, மனிதனைத் தேடுகிறேன் என்று சொன்னதாகக் கதை உண்டு.

1909-ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த சீட்டுக்கட்டுதான் இன்று உலகெங்கும் பரவியிருப்பது. பேத்தியின் கைப்பேசியில் இருந்ததும் அதுவே. அதன் கருத்தை வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. ஜெபலானின் விளக்கத்தை வெயிட் ஏற்கவில்லை. இவர் எதையும் தேடி அலைபவர் அல்லர், அடைய வேண்டியதை அடைந்து நிற்பவர் என்று அவர் எழுதினார். தாம் நிற்கும் இடத்திற்கு மற்றவரும் வர இயலும் என்பதையே அந்த விளக்கு குறிப்பால் உணர்த்துகிறது என்பது அவர் கருத்து. அதற்காகவே பெரியவரை மலை உச்சியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அதே வெயிட், அதே நூலின் பிற்பகுதியில் பலன் பட்டியல் ஒன்றும் தந்திருக்கிறார். அதில் இந்தச் சீட்டுக்கு முன்யோசனை, எச்சரிக்கை என்ற பொருளும் உண்டு. துரோகம், வஞ்சகம், ஊழல் என்ற பொருளும் உண்டு. தலைகீழாக வந்தால் மறைப்பு, அச்சம் என்று மேலும் சில. ஒரே சீட்டு நல்லறிவையும் துரோகத்தையும் சுட்டுமானால், பலன் சொல்பவர் தம் மனத்திற்கேற்ப எதையும் எடுத்துக்கொள்ளலாம். தோழி சொன்ன 'தனிமை'யும் அப்படி எடுத்துக்கொண்டதுதான்.

வரைந்த அந்தப் பெண்மணியின் வாழ்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1878-ஆம் ஆண்டில் பிறந்தவர். சீட்டுகளை வரைந்து முடித்தபோது, பெரிய வேலை, மிகச் சிறிய கூலி என்று நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கட்டு உலகெங்கும் விற்றபோதும் விற்பனையில் அவருக்குப் பங்கு வரவில்லை. நெடுங்காலம் அந்தக் கட்டு வெளியீட்டாளர் பெயரோடும் வெயிட் பெயரோடும் மட்டுமே வழங்கியது. 1951-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றில், கடனோடு அவர் மறைந்தார். சீட்டின் மூலையில் கொடி போல் சுருண்டு கிடக்கும் அவருடைய சிறிய முத்திரை எழுத்து மட்டும் இன்றும் இருக்கிறது. அவர் ஏந்திய விளக்கு அவருக்குச் செல்வம் தரவில்லை. அதைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானோர்.

வனம் புகுந்தவர்கள்

துறவியைக் குறிக்கும் அந்த மேலை நாட்டுச் சொல், ஆளில்லாப் பாலை நிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் பிறந்த அந்தோனியார் அத்தகையோருள் புகழ் பெற்றவர். செல்வர் வீட்டுப் பிள்ளை. நிலபுலன்களைக் கொடுத்துவிட்டுப் பாலைவனம் சென்றார். இடிந்த கோட்டை ஒன்றில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தனித்திருந்தார். பிறகு மக்கள் வந்து கதவை அகற்றியபோது, தெளிந்த முகத்தோடு வெளியே வந்து அவர்களுக்கு ஆறுதலும் அறிவுரையும் கூறினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. தனித்திருந்த இருபது ஆண்டுகளில் சேர்த்ததைப் பின்னர் வந்தவர்க்கெல்லாம் அவரால் கொடுக்க முடிந்தது.

அங்கே பாலை, இங்கே வனம். தோலில் சுருக்கமும் தலையில் நரையும் தோன்றி, மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்டபின் இல்லறத்தான் வனம் புகலாம் என்று மனு ஸ்மிருதி வானப்பிரஸ்தத்திற்குக் காலம் குறிக்கிறது. பேரக்குழந்தையின் முகம் பார்ப்பது அதில் ஓர் எல்லைக்கல்லாக இருப்பது கவனிக்கத்தக்கது. குடும்பம் வெறுத்தவர் செல்லும் வழியாக அது சொல்லப்படவில்லை. குடும்பத்தை நிறைவாக நடத்தி முடித்தவர் செல்லும் வழியாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

மகாபாரதத்தின் ஆசிரமவாசிக பர்வத்தில் குந்திதேவி எடுத்த முடிவை அன்பர்கள் அறிவர். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் திருதராஷ்டிரரும் காந்தாரியும் வனத்திற்குப் புறப்பட்டனர். பாண்டவர் அரசாண்டுகொண்டிருந்த காலம் அது. குந்திக்கு அரண்மனையில் எக்குறையும் இல்லை. ஆயினும் கண்ணிழந்த அந்த முதியவரோடும் கண்ணைக் கட்டிக்கொண்ட அந்த மூதாட்டியோடும் அவள் புறப்பட்டுவிட்டாள். பிள்ளைகள் அழுது தடுத்தும் திரும்பவில்லை. அவளை எவரும் வனத்தில் விட்டுவிடவில்லை. பணிவிடை தேவைப்படும் இருவரைத் தேடி அவளே சென்றாள்.

புறப்படும் வேளையில் தருமனிடம் அவள் சொன்னவற்றுள் இரண்டு கவனிக்கத்தக்கவை. சகாதேவனைக் கைவிடாமல் பார்த்துக்கொள், கர்ணனை மறவாதே. ஒன்று உயிரோடிருக்கும் இளைய பிள்ளையைப் பற்றியது, மற்றொன்று தான் அறிவிக்கத் தவறி இழந்த மூத்த மகனைப் பற்றியது. வாழ்ந்து முடித்த ஒரு தாய் கடைசியாக உயர்த்திப் பிடித்த விளக்கு அது. தான் இடறி விழுந்த இடத்தையும் அது பிள்ளைகளுக்குக் காட்டியது.

இரண்டும் ஒரே கையில்

மணற்கடிகாரம் விளக்கானது ஒரு செதுக்குநரின் பிழையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிழை நின்று நிலைத்ததற்குக் காரணம் உண்டு. முதுமைக்கு இரண்டுமே உரியவை. மணல் இறங்குவது உண்மை. கண் மங்குவதும் முழங்கால் வலிப்பதும் உடன் இருந்தவர் ஒருவர் ஒருவராக மறைவதும் உண்மை. அதை மறைத்து ஆறுதல் கூறுவது பொய்யாகும். மிலான் நகரத்துப் பழைய ஓவியர் அந்த உண்மையை ஒளிக்காமல் தீட்டினார். அதே கையில் எழுபது எண்பது ஆண்டுகளின் அனுபவமும் இருக்கிறது. எந்த உறவில் பொறுக்க வேண்டும், எந்தக் கடனை வாங்கக் கூடாது, துக்க வீட்டில் என்ன பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்பதெல்லாம் வாழ்ந்தவருக்கே தெரியும். மணலையே பார்த்துக்கொண்டிருப்பவர்க்கு அதைத் தூக்கிப் பிடிக்கக் கை எழாது.

சீட்டிலுள்ள பெரியவர் எவரையும் கூவி அழைக்கவில்லை. வழியில் செல்பவரை நிறுத்தி உபதேசம் செய்யவும் இல்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்; வருபவர் வரட்டும் என்று பொறுத்திருக்கிறார். இளையோர் தம் சொல்லைக் கேட்பதில்லை என்று வருந்தும் முதியோர் பலருக்கு இந்த நிலை பயில்வதற்குக் கடினமானது. கேட்கும் காலம் சிலருக்குத் தாமதமாக வரும். அதுவரை விளக்கு அணையாதிருக்க வேண்டும்.

அந்த இல்லத்தில் அன்றிரவு உணவுக்குப் பின் பேத்தி கேட்டாள்: "இவ்வளவு பெரிய வீட்ல ராத்திரி தனியா எப்படி பாட்டி இருக்கீங்க? பயமா இல்லையா?"

பாட்டி மறைக்கவில்லை. "இல்லாம என்ன? மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். அப்புறம் விடியற வரைக்கும் அந்தச் சுவர்க்கடிகாரச் சத்தம்தான். ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன்."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு பாட்டியே தொடர்ந்தார். "விடிஞ்சா சரியாயிடும். வாசல் தெளிச்சுக் கோலம் போட்டு மாடத்துல விளக்கேத்துவேன். எதிர்வீட்டுப் பொண்ணு பரீட்சைக்குப் போறப்ப நம்ம மாடத்து விளக்கைக் கும்பிட்டுட்டுத்தான் போவா. ஒருநாள் காய்ச்சல்ல நான் எந்திரிக்கல. என்ன பாட்டி விளக்கைக் காணோமேன்னு உள்ளே வந்து பார்த்தா. அவதான் உங்க அப்பாவுக்குப் போன் பண்ணினா."

பேத்தி இதுவரை அறியாத செய்தி அது. கைப்பேசியில் இருந்த படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தாள். "கல்யாணத்தைப் பத்தி இந்தச் சீட்டுக்கு என்னம்மா தெரியும்? வரவேண்டிய நேரத்துல வரும். நீ போய்த் தூங்கு" என்றார் பாட்டி. அவள் தன் அறைக்குப் போகவில்லை. பாயை எடுத்து வந்து பாட்டியின் கட்டிலருகே விரித்துக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை வாசல் மாடத்து விளக்கை ஏற்றியது அவள்தான். எண்ணெய் எவ்வளவு, திரியை எந்தப் பக்கம் பார்த்து இட வேண்டும் என்று பாட்டி நிலைப்படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.